தண்டனைச் சுற்று

டங்.

மருந்துக் குப்பியின் மூடியைத் தாதி இரும்புத் தட்டில் போட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டங். பிறகு மூன்றாவது. பிறகு நான்காவது. நான் மூச்சை நிறுத்திக்கொண்டு ஐந்தாவதுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அன்று எங்கள் வாட்டில் நாலு பேருக்குத்தான் ஊசி. தாதி தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போர்வைக்குள்ளே என் கால்கள் மட்டும் ஓட எழுந்துவிட்டன.

ஐந்தாவது தட்டு விழாவிட்டால் ஓட வேண்டும். முப்பது வருடமாக என் உடம்புக்கு அப்படித்தான் பழக்கம்.

பயத்லான் என்றால் எங்கள் மலையில் இன்றைக்கும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. பனி விழும் நாடுகளில் பலகையில் சறுக்கிக்கொண்டு போய்ச் சுடுவார்கள். பனியில்லாத எங்களுக்கு ஓட்டம். மேடேறி, பள்ளம் இறங்கி, நாக்குத் தள்ள ஓடி வந்து குப்புறப் படுத்து, ஐந்து கறுப்புத் தட்டுகளை ஐந்து குண்டில் விழுத்த வேண்டும். விழுந்த தட்டு டங் என்னும். தவறியதற்குச் சத்தம் இல்லை. தவறிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருக்கும் சின்ன வட்டத்தை ஒரு தடவை கூடுதலாக ஓடிவிட்டுத்தான் போகலாம். அதற்குப் பெயர் தண்டனைச் சுற்று. ஓட்டம் இதயத்தைக் கிளப்பிவிடும். துப்பாக்கியோ, அடங்கு என்று கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சளவு இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் நான் வாழ்ந்தேன். இந்தத் தீவில் நாலு தடவை முதலாவதாக வந்தேன்.

இப்போது வயது நாற்பத்தேழு. நோர்வூட்டுக்கு மேலே, ஒரு தோட்டத்து மைதானத்தில் எட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஓடவும் சுடவும் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கேதான் அது தொடங்கியது. கீழ் மலையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் தகரக்கூரையில் ஆலங்கட்டி கொட்டியதுபோல ஒரு இரைச்சல். எண்ண முடியாத வேகம். கண்ணுக்கு முன்னே பச்சை எல்லாம் வெள்ளையானது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தேன். பிள்ளைகள் என்னைக் கொழுந்துச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு வந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். படுத்ததும் நின்றுவிட்டது. நெஞ்சில் வயர்களை ஒட்டி எடுத்த கடதாசியில் கோடுகள் ஒழுங்காக, வரிசையாக, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கத் தோட்டத்துப் பெரட்டில் நிற்கும் ஆட்கள் மாதிரி நின்றன. இரண்டாம் தடவையும் அப்படியே. ஒருநாள் முழுக்க ஒரு சின்னப் பெட்டியைக் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள், ஒவ்வொரு துடிப்பையும் அது எழுதிக்கொள்ளுமாம். அன்றைக்கென்று இதயம் பரீட்சைக்குப் போகும் பிள்ளையைப் போல நல்ல ஒழுக்கமாக இருந்தது. "பயம், கவலை, வயசு" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கடதாசி சொன்னதைத்தானே சொல்வார்கள்.

ஆனால் மயங்கி விழுந்தது உண்மை. காரணம் பிடிபடும்வரை தனியாக மலையேறக்கூடாது, துப்பாக்கிப் பெட்டியைத் தொடவே கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சிவபாலன் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அன்று மாலை பெட்டிச் சாவியைத் தன் லொறிச் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டார்.

"என்னாங்க இது?"

"சாவி."

"பிள்ளைங்களுக்கு இன்னும் ரெண்டு மாசத்துல மொத போட்டிங்க."

"காரணம் கண்டுபுடிக்கட்டும். தாறேன்."

அவ்வளவுதான். காரணம் கண்டுபிடிக்காவிட்டால் அந்தச் சாவி அந்தக் கொத்திலேயே கிடந்து துருப்பிடிக்கும். நானும்தான்.

அப்படித்தான் கண்டியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் படுத்து, மூடிகள் விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் பரீதா ராத்தா, முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம், அறுபது தாண்டியவர். கால்கள் வீங்கி, கழிவறைக்குப் போய் வருவதே அவருக்கு ஒரு பயணம். அவருடைய இதயம் மிகவும் மெதுவாகத் துடிக்கிறதாம். தோளுக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அது துடிக்க மறக்கும்போதெல்லாம் தட்டிவிட வேண்டும். இரண்டு தடவை நாள் குறித்தும், "இன்னம் யோசிக்கணும்" என்று தள்ளிப்போட்டுவிட்டார்.

என் கதையைக் கேட்டதும் ராத்தா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒனக்கு ஓடுற நோய். எனக்கு நிக்கிற நோய். அல்லாஹ் ரெண்டையும் கலந்து ஆளுக்குப் பாதி தந்திருந்தா என்ன புள்ள?"

"தந்தா நீங்க ஓடுவீங்களா ராத்தா?"

"கடைக்கு வந்து வெல கேட்டுட்டு வாங்காமப் போறவளுகளத் தொரத்துவேன்."

தண்டனைச் சுற்றைப் பற்றிச் சொன்னேன். எங்கள் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று.

என் முதல் போட்டி. பள்ளியில் ஜயந்தி மிஸ் என்று ஒரு விளையாட்டு ஆசிரியை. சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து பள்ளிக்கு நான் ஓடி வருவதைப் பார்த்துவிட்டு என் கையில் காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்தவர். வீட்டில் பழகுவதற்கு அப்பா, பிடுங்கிப்போட்ட பழைய தேயிலைச் செடியின் அடிமரத்தைச் செதுக்கி ஒரு பொய்த் துப்பாக்கி செய்து தந்தார். இரும்பு மாதிரிக் கனம். தமிழ்ப் பிள்ளை துப்பாக்கிப் பையோடு பஸ்ஸில் ஏற முடியாத யுத்த காலம் அது. சோதனைச் சாவடியில் ஒரு தடவை என்னை இறக்கி, பையைத் திறந்து, தேயிலை மரத்துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "மேக்க மொகக்த?" இது என்ன? ஜயந்தி மிஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து அவர்களைத் திட்டிய திட்டில், ஒருவன் அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

முதல் போட்டிக்கு அம்மா அரைப் பேர் போட்டுவிட்டு, அதாவது பாதி நாள் சம்பளத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்தாள். நான் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடி வந்து படுத்தேன். நெஞ்சு தறி மாதிரி அடித்தது. ஐந்து குண்டும் மண்ணுக்குப் போயின. ஐந்து தண்டனைச் சுற்றும் ஓடி, கடைசி ஆளுக்கு ஒன்று முன்னால் வந்தேன். அழுதுகொண்டே அம்மாவிடம் போனால், அவள் முகம் விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில் அவள் ஊருக்கே சொன்னாள்: "மத்தப் புள்ளைங்க எல்லாம் ஒரு சுத்து, ரெண்டு சுத்து. எம் புள்ள மட்டுந்தான் அஞ்சு சுத்து ஓடுனா!" அதை வெற்றிச் சுற்று என்று நினைத்துவிட்டாள். கெட்டிக்காரிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் மரியாதை என்று. லயம் முழுக்க இனிப்பு டொபி கொடுத்தாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாகூட ஒன்று வாங்கிக்கொண்டாராம். நான் திருத்தவில்லை. இரண்டு வருடம் கழித்து, ஐந்து தட்டையும் விழுத்தி, ஒரு சுற்றும் ஓடாமல், முதலாவதாக வந்து நின்றேன். அம்மா கவலையோடு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஏம்மா, இன்னிக்கு சுத்தவே விடலியே? ஒடம்புக்கு முடியலியா?"

ராத்தா சிரித்த சிரிப்பில் தாதி ஓடி வந்து அவருடைய நாடியைப் பிடித்தாள்.

பனியையும் ஒரு தடவை பார்த்தேன். குளிர் நாடு ஒன்றில் நடந்த போட்டிக்கு வெயில் நாட்டுக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். பலகையில் நிற்கவே மூன்று வாரம். பந்தயத்தில் எத்தனை தடவை விழுந்தேன் என்று கணக்கில்லை. எல்லோரும் குளித்து உடுத்தி வந்த பிறகுதான் நான் கோட்டைத் தொட்டேன். கடைசி ஆள். ஆனால் இருபது தட்டில் ஒன்றும் நிற்கவில்லை. இருபது டங். அந்த ஊர்க் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். அது போதும். அதற்குப் பிறகு வாங்கின எந்தப் பதக்கமும் அந்தத் தொப்பிக்கு ஈடில்லை.

கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் முற்பகல், பல் துலக்கக் குனிந்தபோது ஆலங்கட்டி மறுபடி கொட்டியது. தடுமாறி வந்து கட்டிலில் சாய்ந்தேன். எங்கள் வாட்டு டொக்டர் நிலூஷி, முப்பது வயதுகூட இருக்காது, தமிழைப் படித்துக் கற்றுக்கொண்டவர், ஓடி வந்து மணிக்கட்டைப் பிடித்தார். மெஷினைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். மெஷின் சில்லு உருண்டு வருவதற்குள் நின்றுவிட்டது. கடதாசியில் மறுபடி பெரட்டு.

டொக்டர் கையை விடவில்லை. என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்த விரல் ஏன் மடங்கிச்சு?"

"எந்த விரல்?"

"இது. மூச்ச விட்டீங்க. அப்புறம் நிப்பாட்டினீங்க. வயித்த இறுக்கினீங்க. இந்த விரல் மெதுவா மடங்கிச்சு. அதோட நின்னுது." கொஞ்சம் குனிந்து, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டார்: "இப்ப யாரச் சுட்டீங்க?"

நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்ல வந்தேன். செய்திருக்கிறேன். படுத்தால் போதும், நெஞ்சு ஓடினால் போதும், கேட்காமலே உடம்பு சுடத் தயாராகிவிடுகிறது. ஹெமின், ஹெமின், மெதுவாக, மெதுவாக என்று ஜயந்தி மிஸ்ஸின் குரல். மூச்சில் பாதியை வெளியே விடு. மீதியைப் பூட்டு. வயிற்றை இறுக்கு. இரண்டு துடிப்புக்கு நடுவே விரலை மடக்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மெஷின் வருவதற்கு முன்னால் நானே நோயைச் சுட்டு விழுத்திக்கொண்டிருந்தேன். நல்ல பிள்ளை மாதிரி.

டொக்டர் ஒரு கடதாசியில் படம் போட்டுக் காட்டினார். இதயத்துக்கு மேலிருந்து கீழே மின்சாரம் வர ஒரு பாதை உண்டு. அது வந்தால்தான் துடிக்கும். எனக்கு அந்தப் பாதையின் பக்கத்திலேயே பிறவியில் இன்னொரு குறுக்குப் பாதையும் இருக்கலாம் என்று சந்தேகம். சிலநேரம் மின்சாரம் ஒன்றால் இறங்கி மற்றதால் ஏறி, மறுபடி இறங்கி, அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே சுற்றத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு. மூச்சைப் பூட்டி வயிற்றை இறுக்கினால், இதயத்துக்குக் கடிவாளம் போடும் நரம்பு ஒன்று இழுபட்டு, சுற்று அறும். அதனால்தான் நின்றிருக்கிறது.

"தண்டனைச் சுத்து," என்றேன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல டொக்டர். வெளங்குது."

"சந்தேகத்த மட்டும் வச்சுக்கிட்டு இதயத்துக்குள்ள வயர் விட்டு வைத்தியம் செய்ய ஏலாது அக்கா. கடதாசியில எனக்கு வேணும். அடுத்த தடவ வந்தா ஓட விடுங்க. சுடக் கூடாது."

சுடக் கூடாது! மேடேறி ஓடு என்றால் ஓடுவேன். ஒரு காலில் நில் என்றால் நிற்பேன். நெஞ்சு கட்டறுத்துக்கொண்டு ஓடும்போது சும்மா படுத்துக் கிட என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. மூன்றாம் நாள் சின்னதாக வந்தது. என்னையறியாமல் சுட்டுவிட்டேன். நாலாம் நாளும் அப்படியே. ராத்தா கணக்கு வைத்துக்கொண்டார்.

"ரெண்டு தப்பு. வாட்டச் சுத்தி ரெண்டு சுத்து நட, புள்ள. ஓடாத."

நான் நடந்தேன். கட்டில்களில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். எங்கள் அம்மா பார்த்திருந்தால் டொபி கொடுத்திருப்பாள்.

ஐந்தாம் நாள் மதியம், பார்க்க வருகிறவர்களின் நேரம். சிவபாலன் விடிய வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் வாழையிலையில் கட்டிய சோறும், கருவாட்டுக் குழம்பும். அவரே சமைத்தது, வாசனையிலேயே உப்பு தெரிந்தது. எழுந்து உட்கார்ந்து செருப்பை எடுக்கக் குனிந்தேன். யாரோ சுவிட்சைப் போட்டதுபோல, கொட்டத் தொடங்கியது.

"ராத்தா," என்றேன். ராத்தா அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருந்தார்.

மூச்சு தானாகப் பாதி வெளியே போனது. பூட்டப் பார்த்தது. நான் வாயைத் திறந்துவிட்டேன். மறுபடி உள்ளே இழுத்தேன், மறுபடி விட்டேன், ஒழுங்கில்லாமல், காய்ச்சல்காரி மாதிரி. விரல் மடங்க வந்தது. சிவபாலன் ஏதோ புரிந்தவராக அந்தக் கையைப் பிடித்து விரல்களை விரித்து வைத்துக்கொண்டார். மற்றக் கையில் சோற்றுப் பார்சல் தலைகீழாகத் தொங்கியது. குழம்பு அவருடைய காற்சட்டையில் சொட்டியது. அவர் பார்க்கவில்லை.

மெஷின் வரும் சத்தம் கேட்டது. வெகுதூரத்தில் கேட்டது. நெஞ்சில் ஒவ்வொரு வயராக ஒட்டினார்கள். எத்தனை வயர்! ஒவ்வொன்றும் ஒரு மலை ஏற்றம். பயம் என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். தோற்கிற பயம் எனக்குத் தெரியும். கைகளைக் கட்டிக்கொண்டு, என் உடம்பு என்னை விட்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பது வேறு. அந்த ஓட்டத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. தட்டு இல்லை, கோடு இல்லை. ஆலங்கட்டி கொட்டியது, கொட்டட்டும் என்று கிடந்தேன்.

கடதாசி ஓடி வந்தது. ஓடிக்கொண்டே இருந்தது.

"கெடச்சுது!" டொக்டரின் குரல் சின்னப் பிள்ளையுடையது போல இருந்தது. நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு. தாதி ஊசியை எடுத்தாள். இந்த ஊசி போட்டால் சில நொடி இதயமே நின்றதுபோல இருக்கும், பிறகு சரியாகும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். டொக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். என் பக்கம் குனிந்தார்.

"அக்கா. இப்ப சுடுங்க."

சிவபாலன் என் விரல்களை விட்டார்.

ஹெமின். ஹெமின். பாதி மூச்சு வெளியே. மீதியைப் பூட்டு. வயிறு. எல்லாப் பெண்களும் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலை மடக்கினேன்.

ஒரு இடைவெளி. பனி பெய்வதுபோல ஒரு வெள்ளை அமைதி. பிறகு மெதுவாக, ஒன்று. இன்னொன்று.

"டங்!" என்றார் பரீதா ராத்தா.

அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம்தான். அடுத்த வாரம் என்னைச் சிகிச்சை அறைக்குள்ளே கொண்டுபோனார்கள். மயக்க மருந்து இல்லை, தொடை மடிப்பில் மட்டும் மரத்துப்போக ஓர் ஊசி. அங்கே இரத்தக் குழாய் வழியாக மெல்லிய வயர்களை இதயம்வரைக்கும் அனுப்பி, அவர்களே அதை ஓடவிட்டு, குறுக்குப் பாதையைத் தேடி, குண்டூசித் தலையளவு ஒரு இடத்தைச் சூடு வைத்துப் பொசுக்கினார்கள். நெஞ்சுக்குள் வெந்நீர் ஒரு துளி விழுந்தாற்போல இருந்தது. பிறகு மறுபடி ஓடவிடப் பார்த்தார்கள். ஓடவில்லை. மறுபடி. ஓடவில்லை.

அந்தப் பாதை பிறந்ததிலிருந்தே இருந்திருக்குமாம். உன்னை மாதிரி நெஞ்சை அடக்க யாராலும் முடியாது என்று ஜயந்தி மிஸ் சொல்வார். மற்றவர்களைவிட அடங்காத நெஞ்சாயிற்றே, அடக்கிப் பழகாமல் வேறு என்ன செய்வது? யோசித்தால் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் பிரியமும் வருகிறது, பொசுங்கிப்போன அந்தக் குண்டூசித் தலையின் மேல்.

ஆறு மணி நேரம் காலை மடக்காமல் நேராகக் கிடக்க வேண்டும் என்றார்கள். சிவபாலன் வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவருக்குக் கரண்டியால் ஊட்டினார். சோறு கழுத்தில் பாதி, வாயில் பாதி.

"லொறிக்கு டீசல் ஊத்துற மாதிரி ஊத்துறாரே," என்றார் ராத்தா.

"லொறி வாயத் தொறந்து பேசாதுங்க," என்றார் சிவபாலன். அவர் ஒரு நாளில் பேசிய மிக நீளமான பேச்சு.

இரண்டு வாரம் ஓய்வு, பிறகு ஓடலாம், சுடலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். சிவபாலன் அந்தக் கடதாசியை இரண்டு தடவை வாசித்தார். சாவிக் கொத்தை எடுத்து, நகத்தால் வளையத்தை நெம்பி, ஒரு சாவியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு ராத்தாவின் கட்டிலருகே போனேன். தலைமாட்டு அட்டையில், பெட்டி வைக்கும் நாள் திங்கட்கிழமை என்று புதிதாக எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து, கோணலாக.

"போட்டுட்டீங்களா ராத்தா!"

"நீ சும்மா கெடந்ததப் பாத்தேனே. அதவிடவா இது?" வீங்கிய காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்தார், தூசி விழுந்ததுபோல.

"போயிட்டு வாறேன் ராத்தா. ஓட மாட்டேன், மெதுவாத்தான் போவேன். பயப்படாதீங்க."

"ஏன் ஓடாம? ரெண்டு வாரம் போனதும் ஓடு, புள்ள," என்றார் ராத்தா. "எனக்கும் சேத்து ஒரு சுத்து."